அரிய துவக்கும் உரிய துவக்கும்

பழைய மாணவர் மலரொன்றில் துவக்கைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என வினவுவோர் இருப்பர். கல்லூரியின் வளர்ச்சி, ஆசிரியர்தம் பெருமை, சமயமும் தமிழும் தழைத்த வரலாறு என்பனவே இத்தகைய மலர்களை அணிசெய்து வருவன. அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. எமது கல்லூரியிற் கற்றவருட் பெரும்பாலோர் கமக்காரரின் பிள்ளைகள். காலபோக நெல் கதிர்விட்டுப் பால்பிடிக்கும் நாட்களில், கிளிநொச்சியாயினும் முல்லைத்தீவாயினும் வவுனியாவாயினும், இரவிலே கண்ணயராத வீடுகள் எண்ணிறந்தன. யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்கிய மறுநாட் காலையில், "ஒரு துவக்கு இருந்திருந்தால்!" என்னும் பெருமூச்சுக் கேளாத ஊர் வன்னியில் இல்லை. அப்பெருமூச்சுக்கு நேர்மையான விடையொன்று கூறுதல் கற்றவர் கடனாகும்.

இக்கேள்வியோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு கேள்வியும் உண்டு. எமது பழைய மாணவர் பலர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். சட்டப்படி துவக்கு வைத்திருக்க இயலும் நாடுகள் அவற்றுட் பல. வேட்டையிலும் பழம்பொருள் சேர்ப்பதிலும் விருப்பங்கொண்டோர் எங்கும் உளர், எம்மவரிடையும் உளர். எளிதிற் கிடையாத ஒரு நெம்புகோல் றைபிள் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா, விடலாமா என அவர் ஆலோசிக்கும்போது, அப்பேச்சுத் தொலைபேசி வழியே ஊருக்கும் வந்து சேர்கிறது. ஊரிலுள்ளவரோ, "இத்தகைய துவக்கொன்று எங்கள் வயலுக்கு வாய்த்தால்" என்று கனவு காண்கின்றனர். வாங்க எண்ணுபவர் முன்னேயும் கனவு காண்பவர் முன்னேயும் நாம் வைக்க விரும்புவது ஒரே அளவுகோல். அரிது என்பது வேறு. உரியது என்பது வேறு.

நெம்புகோல் றைபிள் என்பது யாதென மாணவர் அறிந்திருத்தல் நன்று. துவக்கின் விசையைச் சூழ்ந்திருக்கும் வளையம் பின்னோக்கி நீண்டு ஒரு நெம்புகோலாய் அமைந்திருக்கும். சுட்டபின் அதனைக் கீழே தள்ளினால் வெறுங்கோது வெளியே தெறிக்கும். சுத்தியல் பின்னே மடிந்து ஆயத்தமாகும். மீண்டும் மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலினுட் புகும். தோளிலிருந்து துவக்கை இறக்காமலே அடுத்த வெடிக்கு ஆயத்தமாகலாம் என்பதே இதன் சிறப்பு. 1860 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற ஹென்றி றைபிள் இவ்வினத்தில் முதற் புகழ் பெற்றது. 1877 இல் பிளெவ்னா முற்றுகையின்போது துருக்கியர் தம்மிடமிருந்த வின்செஸ்ரர் நெம்புகோல் றைபிள்களால் ருஷியப் படையின் தாக்குதல்களை முறியடித்த செய்தி ஐரோப்பா முழுவதையும் திடுக்கிடச் செய்தது.

எனினும் பழைய நெம்புகோல் றைபிளிலே ஒரு குறை இருந்தது. தோட்டாக்கள் குழலின் கீழுள்ள நீண்ட குழாயொன்றில் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கும். ஒன்றன் முனை முன்னதன் வெடிமூடியைத் தொட்டிருக்கும். கூரிய முனையுள்ள சன்னத்தை அதில் இடுதல் அபாயம். துவக்கு அதிர்ந்தால் உள்ளேயே வெடிக்கும். ஆதலின் மழுங்கிய முனைச் சன்னங்களே வழங்கின. இக்குறையை நீக்கியவர் ஜோன் பிரௌனிங் என்னும் பெருங் கம்மியர். அவர் வகுத்த வின்செஸ்ரர் 1895 ஆம் ஆண்டு மாதிரியில் தோட்டாக்கள் விசைக்கு முன்னேயுள்ள பெட்டியொன்றில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படும். கூரிய சன்னமும் வலிய தோட்டாவும் நெம்புகோல் றைபிளுக்கு அதனாற் கிட்டின. 1904 இல் அதற்கென்றே '.405' என்னும் பெருந்தோட்டா வெளிவந்தது. அதன் சன்னம் 300 குன்றிமணி நிறை என்று எம் முன்னோர் கணக்கில் எண்ணிவிடலாகாது. 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் நிறையுடையது. செக்கனுக்கு 2,200 அடி வேகத்திற் புறப்படுவது.

இம்மாதிரியில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகள் செய்யப்பட்டன. ஆயின் அவற்றுள் மூன்று இலட்சத்துக்குச் சற்றே குறைந்த தொகை முதலாம் உலகப் போரில் ருஷியப் பேரரசுக்கென, அந்நாட்டுப் படைத் தோட்டாவுக்கு ஏற்பச் செய்து அனுப்பப்பட்டவை. எஞ்சியவற்றிலும் தோட்டா வகை பல. குழல் நீளம் பல. பட்டாளத்துக்குரியன, வேட்டைக்குரியன, இரண்டாகக் கழற்றத்தக்கன என அமைப்பும் பல. தொடக்கத்திற் செய்யப்பட்ட சில ஆயிரம் துவக்குகளுக்குப் பக்கத்தகடு தட்டையாக இருக்கும். இவற்றுள் ஒவ்வொன்றும் சேர்ப்போர்க்கு 'அரியது'. 1930களில் உற்பத்தி நின்றபின் அவ்வருமை மேலும் வளர்ந்தது. பின்னாளில் யப்பானின் மிரோக்கு தொழிற்சாலை அதே வடிவிற் புதியனவற்றைச் செய்து வெளியிடலாயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

இத்துவக்குக்குப் புகழ் தேடித் தந்தவர் இருவர். ஒருவர் அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்த தியோடோர் ரூஸ்வெல்ட். 1909 இல் ஆபிரிக்க வேட்டைக்குச் சென்றபோது .405 வின்செஸ்ரரையே சிங்கத்துக்கு ஏற்ற மருந்தெனப் போற்றினார். மற்றவர் எமக்கு அண்மையிலுள்ளவர். பெங்களூரில் வாழ்ந்த கெனத் அண்டர்சன், பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளில், ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்னும் தமிழர் அறிந்த இடங்களில், ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்றவர். அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்ரர் நெம்புகோல் றைபிள். 1954 இல் வெளிவந்த அவரது முதல் நூலைப் படித்த எம் தலைமுறையினர் அத்துவக்கின் மீது ஒருவகை மயக்கங் கொண்டதில் வியப்பில்லை. நூல் நிலையத்தில் வேட்டை நூலைத் தேடியெடுத்த மாணவன் புலியை மறந்தாலும் துவக்கின் பெயரை மறப்பதில்லை.

இனி எமது அளவுகோலை வைத்துப் பார்ப்போம். துவக்கொன்றை வாங்க எண்ணுபவன் தன்னைத் தானே வினவவேண்டியவை நான்கு. எந்த விலங்குக்கு? எந்தத் தோட்டாவுக்கு? பழுதுற்றால் எவரிடம்? எந்தச் சட்டத்தின் கீழ்?

முதலாவது விலங்கு. வன்னிக் கமக்காரனின் பகை இரண்டு வகைப்படும். பன்றியும் குரங்கும் மயிலும் ஒருவகை. யானை மற்றொரு வகை. பன்றி இரவில் வரும். இருபது முப்பது யார் தூரத்தில் நிழலாய்த் தோன்றி மறையும். அதற்கு றைபிளின் நுண்ணிய குறிகாட்டி பயன்படாது. பல சன்னங்களைப் பரப்பி விடும் 12 ஆம் இலக்கத் துவக்கே அதற்கு ஏற்றது. இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வன்னி சமநிலம். மலையுமில்லை, மேடுமில்லை. குறி தப்பிய றைபிள் சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் உயிர் குடிக்கும் வலியோடு செல்லும். இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பரந்து கிடக்கும் வயல்வெளியில், ஒவ்வொரு காவற்கொட்டிலிலும் ஒரு மனிதன் விழித்திருக்கும் இரவில், அச்சன்னம் எங்கே போய்த் தங்கும் என்பதை எவர் கூறவல்லார்? சிறு சன்னத் துவக்கின் வலிமை சில நூறு யாருக்குள் அடங்கிவிடும். அக்குறைவே இங்கே அதன் நிறைவு.

யானைக்கு வருவோம். யானையைக் கொல்லுதல் 1937 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்; பின்வந்த திருத்தங்கள் தண்டனையை மேலும் கடுமையாக்கின. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், சிறு சன்னத்தால் யானை வீழ்வதில்லை. காயம்பட்டு, புண் சீழ்கொண்டு, வெறிபிடித்து, அடுத்த ஊரில் ஓர் உயிரைப் பறித்தபின்னரே அது மடியும். பெரிய றைபிளால் முடியாதோ என்பர். சிங்கத்துக்கு வின்செஸ்ரரைப் போற்றிய ரூஸ்வெல்ட், யானைக்கெனக் கொண்டு சென்றது இரட்டைக் குழல் ஹொலண்ட் றைபிள் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். ஆட்கொல்லி வேட்டைக்குப் பேர்பெற்ற அரிய துவக்கு, எம் வயலின் பன்றிக்கு மிகை, யானைக்குக் குறை.

இரண்டாவது தோட்டா. தோட்டா இல்லாத துவக்கு உலக்கைக்கு நிகர். உலக்கையாவது நெல்லுக் குத்த உதவும். இவ்வுண்மையை நன்குணர்ந்து அதனையே ஒரு தந்திரமாக்கியவர் இங்கிலாந்தின் கிறீனர் என்னும் துவக்குச் செய்வோர். எகிப்து நாட்டுக் காவலர்க்கென மாட்டினி நெம்புகோல் அமைப்பில் அவர்கள் ஒரு துவக்குச் செய்தனர். களவு போனாலும் கள்வனுக்குப் பயன்படாதிருக்கும் பொருட்டு, கடையில் விற்கும் 12 ஆம் இலக்கத் தோட்டா அதனுட் செல்லாதவாறு தனித் தோட்டா ஒன்றை வகுத்தனர். அத்தோட்டா அரசின் களஞ்சியத்தில் மாத்திரமே கிடைக்கும். எத்துணை நுட்பம்! இன்று அத்துவக்கை அரும்பொருளென விரும்பி வாங்குவோர் உளர். வாங்கியபின் தோட்டாவுக்கு அலைவோரும் அவர்களே. எளிதிற் கிடையாத தோட்டாவுக்குச் செய்யப்பட்ட அரிய துவக்கை வாங்குபவன், கிறீனர் கள்வனுக்கு விதித்த தண்டனையைத் தன் பொருளைச் செலவிட்டுத் தானே வாங்கிக்கொள்கிறான். .405 தோட்டாவும் அத்தகையதே. அமெரிக்காவிலும் கனடாவிலும் தேடினாற் கிட்டும். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் அதனை நினைக்கவும் இயலாது.

மூன்றாவது பழுது. பிரௌனிங்கின் 1895 மாதிரி ஓர் அழகிய பொறி. அதன் நெம்புகோலைக் கீழே தள்ளும்போது ஒன்றோடொன்று கோத்த உறுப்புகள் பல முறையே அசைவதை மாணவர் பார்த்தால், நெம்புகோலைப் பற்றிப் பௌதிக வகுப்பிற் படித்ததை ஒருபோதும் மறவார். ஆயின் உறுப்புப் பெருகப் பழுதும் பெருகும். வன்னியின் மாரி ஈரமும் கோடைப் புழுதியும் இரும்பின் பகைவர். ஒற்றைக் குழலை நடுவே மடித்துத் தோட்டா இடும் எளிய துவக்கில் அசையும் உறுப்புகள் சில. தேறிய கம்மியன் ஒருவன் அதன் வில்லையும் ஊசியையும் சீராக்கிவிடுவான். நெம்புகோல் றைபிளின் உறுப்பொன்று முறிந்தால் அது கடல் கடந்தே வரவேண்டும். வருவதற்கும் அனுமதி வேண்டும்.

நான்காவது சட்டம். இலங்கையிலே 1916 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் வழங்குகிறது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருதற்கு வேறாக அனுமதி வேண்டும். பயிர்க் காவலுக்கெனக் கேட்பவனுக்கு அரசு கருதுவது எளிய சன்னத் துவக்கையே. அரிய றைபிளை அன்று. கடல் கடந்து வாழ்வோரும் சட்டத்தை அசையாத பாறையென எண்ணலாகாது. அவுஸ்திரேலியாவில் 1996 இல் போட் ஆதர் என்னுமிடத்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் துவக்குச் சட்டம் கடுமையாயிற்று. அப்பொழுது நெம்புகோற் சன்னத் துவக்கைப் பற்றி எவரும் பெரிதாய்க் கவலைப்படவில்லை. பின்னர் அட்லர் என்னும் புதிய நெம்புகோற் சன்னத் துவக்கொன்று சந்தைக்கு வரவே, 2015 இல் ஐந்து தோட்டாவுக்கு மேற்பட்டதன் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2016 இறுதியில் அத்தகையனவற்றை மிகக் கடுமையான வகுப்பிற் சேர்க்க அரசுகள் உடன்பட்டன. இன்று தடையின்றி வாங்கும் அரிய வகை நாளை எவ்வகுப்பிற் சேருமென்பதை விற்பவன் சொல்லமாட்டான்.

இந்நான்கு வினாக்களையும் கடந்து நிற்கும் அரிய துவக்குக்கு உரியவன் ஒருவனே. தான் வாழும் நாட்டின் சட்டத்துக்கு அமைந்து, பூட்டிய பெட்டியில் வைத்துப் பேணி, அதன் வரலாற்றையும் பொறியமைப்பையும் கற்பதற்காகச் சேர்ப்பவனே அவன். அத்தகைய அன்பரை நாம் குறைகூறோம். ஒன்று மாத்திரம் சொல்வோம். அரியது என்னும் சொல்லுக்கு விலை கூடுதலாதலின் போலியும் கூடுதல். குழலை மாற்றி, இலக்கத்தைச் சுரண்டி, சாதாரணத்தை அபூர்வமாக்கி விற்போர் உளர். அமெரிக்காவின் கோடி நகர் நூதனசாலையில் வின்செஸ்ரர் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் பேணப்படுகின்றன. அங்கே வினவித் தெளிந்தபின் பணத்தை எடுக்க. வாங்கியதை வாங்கிய நாட்டிலேயே வைத்திருக்க. ஊரிலுள்ள தம்பிக்கு அனுப்பலாமோ என்னும் எண்ணம் கனவிலும் எழாதிருக்க.

இனி ஊரிலுள்ள கமக்காரனுக்கு வருவோம். நாம் இதுவரை கூறியதைக் கேட்டு அவன் சினங்கொள்ளக்கூடும். "இருப்பவனுக்கு நீதி சொல்லுங்கள். நான் கடன்பட்டு விதைத்தேன். ஓரிரவில் மூன்று ஏக்கர் போயிற்று. துவக்கும் வேண்டாமென்றால் நான் என் செய்வது?" என்பான். அவன் கேள்வி நியாயமானது. நகரத்திலே யானையைப் படத்திற் பார்த்து மகிழ்பவர் அவனுக்கு உபதேசம் செய்யத் தகுதியற்றவர். 2023 ஆம் ஆண்டில் இந்நாட்டிலே நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இப்போரில் மாண்டனர். 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் மக்கள் தத்தம் நிலத்தில் நின்று குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணினர் என்றால், பயிரழிவு எவ்வளவு பெரிய பிரச்சினையென்பது விளங்கும். நீண்ட போரும் இடப்பெயர்வும் வன்னியின் வயல்களைக் காடாக்கின. 2009 இன் பின் மீண்டவர் வெட்டித் திருத்திய நிலத்தை யானை தன் வழியென்றே கருதுகிறது. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 இல் தேசியப் பூங்காக்களாயின. காட்டுக்கு எல்லை வகுத்தவர், கமக்காரனின் வேலிக்கும் வழி வகுத்திருத்தல் வேண்டும்.

ஆயினும் துவக்கினால் இவ்வழக்குத் தீருமா? வரலாறு விடை கூறுகிறது. பிரித்தானியர் காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு அரசே சன்மானம் வழங்கியது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கு உட்பட்ட காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாகக் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். வட மாகாணத்து யானைக் காடு என்றால் அது வன்னியே. மூவாயிரத்து ஐந்நூறு யானைகள் வீழ்ந்த பின்னர் வன்னிக் கமக்காரன் செல்வனாகிவிட்டானா? இல்லை. 1895 இல் லூயிஸ் துரை வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்ட காலத்திலும் இந்நாடு காய்ச்சலும் வறுமையும் சூழ்ந்த நாடாகவே இருந்தது. குளம் திருத்தப்பட்ட பின்னரே வயல் விளைந்தது. வெடிமருந்து செய்யாததை அணைக்கட்டுச் செய்தது.

துவக்கிலே இன்னொரு குறையுண்டு. எம் கருத்தில் எல்லாவற்றினும் பெரியது அதுவே. துவக்கு வைத்திருப்பவன் வெடி வைத்தால் யானை எங்கே செல்லும்? அடுத்தவன் வயலுக்குள்ளேயே செல்லும். அடுத்த வயல் எவருடையது? போரிலே கணவனை இழந்து, பிள்ளைகளோடு தனித்துக் கமஞ்செய்யும் பெண்ணினதாக இருக்கலாம். அனுமதிப்பத்திரத்துக்கு அலைய வலியில்லாத முதியவரினதாக இருக்கலாம். ஒருவனுடைய துவக்கு அவனுடைய இழப்பை அயலவன் தலையில் இறக்கிவைக்கும் கருவியாகிறது. ஊர் முழுவதும் துவக்கு வாங்கினாலோ, யானை சுற்றிச் சுற்றி வரும். சன்னமும் சுற்றிச் சுற்றி வரும்.

அதற்கும் கீழான வழிகளை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கட்டுத்துவக்கு என்பது கொல்லன் பட்டறையிற் செய்த குழாயொன்றைக் காட்டுவழியில் முழங்கால் உயரத்திற் கட்டி, விசையோடு பிணைத்த கம்பியைக் குறுக்கே இழுத்துவிடுவது. பன்றியையும் மனிதனையும் அது பிரித்தறியாது. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குட் சென்று காலை இழந்தவர் எத்தனை பேர்! வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் நேரே பாய்ச்சுவதும் அத்தகையதே. பழத்துள் வெடி வைத்து விலங்கின் வாயைச் சிதைப்பதும் அத்தகையதே. மிதிவெடி அகற்றுவோர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் இம்மண்ணில், மறைந்திருந்து கொல்லும் பொறியை எம் கையாலேயே நாட்டுவது என்ன மதி?

ஆகவே எமது கருத்தைத் தெளிவாகக் கூறுகிறோம். பன்றித் தொல்லை மிகுந்த வயல்வெளிகளில், கமக்காரர் அமைப்பின் பொறுப்பில், சட்டப்படி பெற்ற எளிய 12 ஆம் இலக்கத் துவக்குகள் ஒரு சில இருத்தல் தகும். அதற்கான விண்ணப்பத்தை மாதக்கணக்கில் மேசை மாற்றி மேசை வைத்து அலைக்கழித்தல் தகாது. கந்தோர் இழுத்தடித்தால் பட்டறை திறந்துகொள்ளும்; கட்டுத்துவக்குக்கு அதுவும் ஒரு காரணம். பெற்றவர், துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி வைத்தல் வேண்டும். பிள்ளைகள் கைக்கு இரண்டும் எட்டலாகாது. இதற்கு மேற்பட்ட றைபிளும், நெம்புகோலும், அரிய வகையும் எம் வயலுக்கு வேண்டா.

யானைக்கு வழி வேலியே. அதுவும் கண்ட இடத்திலெல்லாம் போட்ட வேலியன்று. முறையாக அமைத்த மின்வேலியிற் பாயும் மின்சாரம் செக்கனுக்கு ஒருமுறை அளவிற் துடிப்பாய்ச் சென்று அடிக்கும்; அச்சுறுத்தும், கொல்லாது. ஆயின் காட்டுக்குள் எங்கோ எல்லைக் கோட்டில் இட்ட வேலியின் இருபுறமும் யானை நிற்பதுண்டு. பார்ப்பாரற்ற வேலியின் மேல் புல் வளர்ந்து மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் வேறு ஊர்களிற் செய்து காட்டிய வழி எளியது. வயலைச் சுற்றி விதைப்புக் காலத்திற் கமக்காரரே வேலி இடுவர். அறுவடைக்குப் பின் கழற்றி வைப்பர். ஒட்டுத்தாளை யானை மேய்ந்து போகும். தம் வயலுக்குத் தாமே இட்ட வேலியாதலின் புல்லைச் செதுக்கவும் கம்பியை இறுக்கவும் எவரும் சோம்பார். 2020 இல் அவர் தலைமையில் அமைந்த குழு வகுத்த தேசியத் திட்டமும் ஊர்வேலியையும் வயல்வேலியையுமே முதன்மையாக வற்புறுத்தியது. இவ்வேலி கைம்பெண்ணின் வயலையும் காக்கும்; செல்வனின் வயலையும் காக்கும்; யானையை அயலவன் மேல் ஏவாது.

இங்கேதான் பழைய மாணவர்க்குப் பணியுண்டு. அரிய றைபிள் ஒன்றின் விலை சிறிதன்று. அத்தொகையை ஒருவர் தம் பெட்டியில் அழகுப் பொருளாய்ப் பூட்டி வைப்பதற்கும், பலர் ஒன்றுகூடி ஒரு வயல்வெளிக்கு மின்னூட்டும் பெட்டியும் கம்பியும் சூரியத் தகடும் வாங்கிக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையைக் கணக்கு ஆசிரியரிடம் கேட்கத் தேவையில்லை. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று துடிப்பு மின்சாரம் இயங்கும் முறையை வயல் வரம்பிலேயே விளக்கலாம். விவசாயம் கற்கும் மாணவர் யானை வந்த நாள், வழி, அழிந்த பரப்பு என்பனவற்றை ஊர்தோறும் குறித்து வைக்கலாம். அக்குறிப்பு வேலிக்கும் வழிகாட்டும். காட்டுயானை அழிவுக்குக் காப்புறுதி கோரும் கமக்காரனுக்குச் சான்றாகவும் உதவும். இவை பெருஞ்செயல்கள் அல்ல, செய்யத்தக்க செயல்கள்.

துவக்கின் மீது மனிதன் கொள்ளும் மயக்கம் புதியதன்று. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கியைக் கவர்ந்து சென்ற பண்டாரவன்னியனின் கதையை எம் பிள்ளைகள் பெருமையோடு கேட்கின்றனர், கேட்கட்டும். ஆனால் வன்னியை இன்றுவரை வாழவைத்தது கவர்ந்த பீரங்கி அன்று, கட்டிய குளமே. வெடியோசையை வேண்டிய அளவுக்கு மேலும் கேட்டுவிட்ட நிலம் இது. இனி இங்கே இரவிற் கேட்கவேண்டியது வாய்க்கால் நீரின் ஓசையும், காவற்கொட்டிலில் விழித்திருப்பவர் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலுமே. அதற்கு உரியதை வாங்குவோம்; அரியதை நூதனசாலைக்கு விடுவோம்.